முதலைக்கு அனுமதி

முதலைக்குத் தண்ணீர் என்றால் பயம்.

இந்த ரகசியம் உலகத்தில் தனக்கு மட்டுமே தெரியும் என்று அவர் நாற்பத்தேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தார். தொழிலைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பம்புகளைப் பழுது பார்ப்பவர் அவர். பன்னிரண்டாவது மாடியில் சோப்பு போட்ட முகத்தோடு ஒரு மனிதன் கண்ணைத் திறக்க முடியாமல் நிற்கிறான் என்றால், கீழே யாரோ இவருக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழாயில் காதை வைத்துக் கேட்பார். காற்று அடைத்திருக்கிறதா, வால்வு ஒழுகுகிறதா என்று டாக்டர் மாதிரி சொல்லிவிடுவார். ஆனால் தரைக்கடியில் இருக்கும் தொட்டிக்குள் இறங்க வேண்டிய வேலை வந்தால் மட்டும், மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, "உள்ள வாயு தங்கியிருக்கும், காலி பண்ணி வைங்க, நாளைக்கு வர்றேன்" என்று மூடிவிடுவார். முழங்காலுக்குக் கீழே இருக்கிற தண்ணீருக்கு அவர் எஜமான். முழங்காலைத் தாண்டிவிட்டால் அது அவருக்கு எஜமான்.

முதலை என்ற பெயர் வந்தது பள்ளிக்கூடத்தில். எட்டாம் வகுப்பு விடுமுறை முடிந்து வந்தபோது, மாமா ஊரில் ஓர் அணையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திக் கடந்ததாக ஒரு பொய் சொன்னார். மற்ற பையன்கள் விடுமுறையில் செய்த காரியங்கள் பெரிதாக இருந்தன. இவர் செய்தது மாமா கடையில் பொட்டலம் மடித்தது. அந்த வருத்தத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். பொட்டலம் மடித்தவன் அன்றைக்கே முதலை ஆனான். அந்தப் பெயரும் சாமானியத்தில் விடவில்லை. அன்றைய நண்பர்களில் மூன்று பேர் இன்றைக்கும் அதே ஊரில் இருக்கிறார்கள். ஒருவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார், ஒருவர் கண்ணாடிக்கடை, ஒருவர் கணக்கு வாத்தியார். வியாழக்கிழமை தவறாமல் கண்ணாடிக்கடையின் பின்னறையில் கேரம் ஆடுகிறார்கள்.

அந்த அறையில்தான் குண்டு விழுந்தது.

"ரெண்டு நாள்," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர், காயை அடிக்காமல் நிறுத்தி. "சனி, ஞாயிறு. ஏரிக்கரையில கூடாரம். துடுப்புப் படகு இருக்கு. நின்னுக்கிட்டே தள்ளிக்கிட்டுப் போற பலகை இருக்கு. மோட்டார் படகுல கயிறு கட்டி மிதவையில நம்மள இழுத்துக்கிட்டுப் போவாங்களாம். நாலு பேருக்கும் பதிவு பண்ணிட்டேன்."

"நாலு பேருக்குமா?" என்றார் முதலை.

"ஏன், முதலை இல்லாம ஏரியா? முப்பது வருஷமா உன் நீச்சலப் பத்திக் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுச் சாகலாம்னு இருக்கேன்டா."

முதலை ஒரு பெருமூச்சு விட்டார். அது பழகின பெருமூச்சு. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பி, ஒரு கணவனின் சகல துன்பங்களையும் தொட்டுக்கொண்டு மேலே வரும். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா. மேலிடம் என்ன சொல்லுதோ."

மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மேலிடம் என்றால் அவருடைய மனைவி. கல்யாணம் ஆன பதினாறு வருஷத்தில் மேலிடம் எத்தனையோ விஷயங்களுக்குத் தடை போட்டிருக்கிறது. நீச்சல் குளம் கூடாது. அருவி கூடாது. கணக்கு வாத்தியார் கல்யாணத்துக்கு எல்லோரும் ஆற்றைப் படகில் கடந்து பத்து நிமிஷத்தில் போனபோது, முதலை மட்டும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார், மேலிடத்துக்குப் படகு ஆகாது என்று. "பாவம்டா இவன்" என்று நண்பர்கள் அன்றைக்கு அவருக்கு முதல் பந்தியில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். தன் பயத்துக்கு மனைவியின் பெயரைச் சட்டையாகப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார் முதலை. சட்டை நன்றாகவே பொருந்தியது. போடப் போடப் பழக்கமாகி, தண்ணீர் இல்லாத இடத்துக்கும் அதையே போட ஆரம்பித்தார்.

அந்த அம்மாளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஓர் அலுவலகத்தில் பதிவறைக் கண்காணிப்பாளர். நாற்பதாயிரம் கோப்புகள் அவர் கைக்குள். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வேண்டிய கோப்பைப் படியேறி எடுத்து, தூசி தட்டி, மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார், அவ்வளவுதான். வீட்டிலும் அப்படித்தான். புருஷனுக்கு ஒரு தடை, ஒரு கண்டிப்பு, ஒரு முறைப்பு இன்றுவரை கிடையாது. தடை போடுவதற்கு முதலை எதையாவது கேட்டிருக்க வேண்டுமே. அவர் எதையும் கேட்டதே இல்லை. வெளியே மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவார்.

இந்தத் தடவை பதிவு ஆகிவிட்டது. அதனால் நிஜமாகவே ஒரு தடை வாங்கியாக வேண்டும் என்று தோன்றியது. மேலிடம் வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்தப் பெண்தான் சொல்லமாட்டாள் என்ற தைரியத்தில் வீட்டுக்குப் போனார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அவனுங்க ஏரிக்குப் போறாங்களாம்," என்றார் முதலை.

"யாரு?"

"அண்ணன்மாருங்கதான். என்னையும் கூப்பிடறாங்க. நீ வேண்டாம்னுதான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்."

"என்னிக்கு?"

"அடுத்த வாரம் சனி, ஞாயிறு. ஆழமான ஏரி. அடியே கிடையாதாம்."

"அடி இல்லாம ஏரி எப்படிங்க நிக்கும்."

"கூடாரத்துல படுக்கணும். பாம்பு வரும்."

"அதுவும் எங்கேயாவது படுக்கணுமே."

"போன வருஷம் ஒரு படகு கவுந்து போச்சு."

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"ஆகல. ஆகியிருக்கலாம்."

"மிதக்கிற ஜாக்கெட் குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்க," என்று ஒப்புக்கொண்டார் முதலை, உண்மையை மறைக்கத் தெரியாமல்.

மனைவி ஒரு சட்டையை எடுத்து, கைகளைப் பின்னால் மடித்து, நெஞ்சுப் பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்தார். "அப்ப போயிட்டு வாங்க. எங்கேயும் போகாம வீட்டுக்கும் பம்புக் கடைக்கும்தானே அலையறீங்க."

முதலைக்குக் காது அடைத்தது. கிணற்றுக்குள் விழுந்தவன் மேலிருந்து கயிறு வரும் என்று கையைத் தூக்கினால், 'உள்ளே காத்து நல்லா வருதா' என்று குசலம் விசாரித்த கதையாக இருந்தது. மனைவி கணவனை நம்பி ஊருக்கு அனுப்புகிறாள் என்று எந்தப் புருஷனாவது இவ்வளவு துக்கப்பட்டிருப்பானா என்று தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் செய்த முயற்சிகளை விரிவாகச் சொன்னால் பாவம். திங்கட்கிழமை இருமினார். மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்து, எதிரில் நின்று குடிக்கவைத்து, டம்ளரை வாங்கிக்கொண்டு போனார். அது இருமலையும் நிறுத்தியது, இனிமேல் இருமும் எண்ணத்தையும் நிறுத்தியது. புதன்கிழமை, மேற்குத் தெரு குடியிருப்பில் சனிக்கிழமை பெரிய வேலை ஒன்று இருக்கிறது என்றார்.

"அவங்க செக்ரட்டரிகிட்ட பேசிட்டேன்," என்றார் மனைவி. "திங்கட்கிழமை வந்தாப் போதுமாம்."

"நீ எதுக்குப் பேசினே?"

"அவர்தான் நீங்க போனை எடுக்கலேன்னு எனக்குப் போட்டாரு. நீங்க ஏரிக்குப் போறீங்கன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. 'அவருக்கு இல்லாத தண்ணியா' அப்படின்னாரு."

வியாழக்கிழமை கேரம் அறையில் கடைசி ஆயுதத்தை எடுத்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "மேலிடம் ஒத்துக்கலடா" என்றார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடா சொல்றே," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "தங்கச்சி இன்னிக்குக் காலையிலதான் எனக்கு போன் பண்ணிச்சு. எத்தனை மணிக்கு அவரத் தயார் பண்ணி வைக்கணும்னு கேட்டுச்சு. துண்டு ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமான்னும் கேட்டுச்சு."

"அது காலையில," என்றார் முதலை பலவீனமாக.

"மத்தியானம் மனசு மாறியிருந்தா நான் பேசறேன்." டிரைவிங் ஸ்கூல்காரர் போனை எடுத்தார். பேசினார். வைத்தார். "ரெண்டு துண்டு வச்சாச்சாம்."

சனிக்கிழமை விடிந்தது. வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. முன்னாலும் பின்னாலும் சிவப்பில் 'L' எழுத்துப் போட்ட கற்றுக்கொள்கிறவர் பலகை. முன் இருக்கை இரண்டுக்கும் தனித்தனி பிரேக். நாலு நடுவயதுக்காரர்கள் இப்படி ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் கிளம்புவதைத் தெருவே பார்த்தது. முதலை பையைத் தூக்கிக்கொண்டு, தூக்குக்குப் போகிறவர் நடையில் படியிறங்கினார்.

மனைவி கார் ஜன்னல் பக்கம் வந்து, டிரைவிங் ஸ்கூல்காரர் கையில் ஒரு நீளமான பழுப்பு உறையைக் கொடுத்தார். ஒட்டியிருந்தது. மேலே அலுவலக முறைப்படி முகவரி எழுதியிருந்தது.

"அண்ணா, இதை ஏரிக்கரையில போய்ப் பிரிங்க. எல்லாரும் இருக்கும்போது படிங்க."

"என்ன தங்கச்சி இது?"

"ஒண்ணுமில்லண்ணா. ஒரு கோப்பு ரொம்ப நாளா பாக்கி இருந்துச்சு. முடிச்சிடலாம்னு."

வழி முழுக்க முதலை அந்த உறையையே பார்த்துக்கொண்டு வந்தார். அதில் தன் பயம் எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. எப்படித் தெரிந்தது, எப்போது தெரிந்தது என்று யோசிக்கவே முடியவில்லை. முப்பத்து மூன்று வருஷப் பெயர் இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். இரண்டு முறை தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். கணக்கு வாத்தியார் இரண்டு முறையும் முன் சீட்டில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

ஏரி பெரிதாகத்தான் இருந்தது. கரையில் நாலைந்து கூடாரங்கள், சிவப்பும் மஞ்சளுமாகப் படகுகள், கொடியில் வரிசையாகத் தொங்கும் ஜாக்கெட்டுகள். கழுத்தில் விசில் போட்ட ஓர் அம்மாள் வந்து வரவேற்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராம். இப்போது இந்த முகாமின் பயிற்சியாளர். பெயர்களைச் சரிபார்த்தார். முதலையின் பெயர் வந்ததும் ஒரு நிமிஷம் அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, "சரி, டீ குடிச்சிட்டு வாங்க" என்று போய்விட்டார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் உறையைப் பிரித்தார். கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். வாசிப்பு ஆரம்பித்தது.

"பொருள்: குடும்பம் – கணவர் – பல்வேறு காலங்களில் என்னால் விதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தடைகள் – ரத்து செய்தல் – தொடர்பாக.

பார்வை: சென்ற செவ்வாய்க்கு முந்திய செவ்வாய் மாலை, பல் டாக்டர் கிளினிக்கில் தங்கள் மனைவி என்னிடம் வாய்மொழியாகத் தெரிவித்தது.

பார்வையில் கண்ட நாளில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'இந்தத் தடவையாவது அவரை விட்டுடும்மா' என்று கேட்டுக்கொண்டார். எதிலிருந்து விடுவது என்று விசாரித்ததில், கீழ்க்கண்ட பதினான்கு தடைகள் என் பெயரில் நடைமுறையில் இருந்துவருவது தெரியவந்தது. இவற்றில் ஒன்றுகூட என் பதிவில் இல்லை. ஆயினும், பதினாறு ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வந்துவிட்டபடியால், முறைப்படி ரத்து செய்வது அவசியமாகிறது."

டிரைவிங் ஸ்கூல்காரர் நிமிர்ந்து முதலையைப் பார்த்தார். மேலே படித்தார். நீச்சல் குளம். அருவி, சாரல் உட்பட. கடற்கரையில் செருப்பைக் கழற்றுதல். ஆற்றைக் கடக்கும் படகு. மழையில் நின்று பேசுதல். ஏழாவது தடைக்கு வந்ததும் அவர் குரல் தயங்கியது. "ஏழு. கண்ணாடிக்கடை அண்ணன் பாடும்போது உட்கார்ந்து கேட்கக் கூடாது என்பது."

கண்ணாடிக்கடைக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "உன் சம்சாரத்துக்குச் சங்கீதம் ஆகாதுன்னு சொன்னியேடா," என்றார் மெதுவாக. "அந்தம்மா வந்தாலே நான் பாட்டை நிறுத்திடுவேனே."

"மேற்கண்ட தடைகள் அனைத்தும் இன்று முதல் ரத்து செய்யப்படுகின்றன. என் கணவர் குளிக்கலாம், நீந்தலாம், படகேறலாம், பாட்டுக் கேட்கலாம். இனி என் பெயரால் வாய்மொழியாகச் சொல்லப்படும் எந்தத் தடையும் செல்லாது. என் கையெழுத்துடன் எழுத்தில் வந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷமாக உங்கள் வீடுகளுக்கு நான் வரும்போதெல்லாம் பேச்சு சட்டென்று நின்றுவிடும். நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடுவீர்கள், ஆனால் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டீர்கள். என்னிடம் என்ன குறை என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். இப்போது காரணம் தெரிந்ததில் நிம்மதி. கோப்பு முடிக்கப்பட்டது. நகல்: மற்ற இரண்டு அண்ணன்களுக்கும், சம்பந்தப்பட்டவருக்கும்."

உறைக்குள் மூன்று நகல்கள் ஒழுங்காக மடித்து இருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. முதலை தன் நகலை வாங்கி வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார். நல்ல நாற்காலி என்ற இடம் அவர் நெஞ்சில் போய்த் தைத்தது. விருந்துகளில் மனைவி ஓரமாக, தனியாக, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது ஞாபகம் வந்தது. கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தார். தன் பொய்க்கு அவள் பதினாறு வருஷம் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழலாம் போலவும் இருந்தது.

"தங்கம் மாதிரி பொண்ணு," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "அதை ராட்சசின்னு நெனைச்சுக்கிட்டு இருந்திருக்கோம். ஏன்டா இப்படிப் பண்ணினே?"

மூன்று பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது. முதலை வாயைத் திறந்தார். பார்த்தால், பதினாலு தடையும் எழுதிய கடிதத்தில் பயம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அதை மட்டும் அவள் விட்டுவிட்டிருந்தாள். விட்டதைத் தான் எதற்கு எடுத்து நீட்ட வேண்டும் என்று தோன்றியது.

"சோம்பேறித்தனம்டா," என்றார். "எங்கேயும் கிளம்ப மனசு வராது. மன்னிச்சுக்குங்க."

சோம்பேறியை உலகம் சுலபமாக மன்னித்துவிடுகிறது. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு திட்டு திட்டிவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறிப் போய்விட்டார்கள். "வாடா முதலை, நீ பின்னாலயே வந்து நாலு கை போட்டாப் போதும், எங்களப் பிடிச்சிடுவே" என்று கத்திக்கொண்டே போனார் கணக்கு வாத்தியார்.

முதலை கரையில் தனியாக நின்றார். தண்ணீர் பெருவிரலுக்கு நாலு அங்குலம் தள்ளி இருந்தது.

"அந்தப் பக்கம் நாணல் இருக்கு பாருங்க," என்று பின்னாலிருந்து விசில் அம்மாளின் குரல் கேட்டது. "அதுக்குப் பின்னால இடுப்பளவுதான் தண்ணி. இங்கேர்ந்து யாருக்கும் தெரியாது. வாங்க."

"எனக்கு எதுக்கு," என்றார் முதலை. "நான் வந்து, சின்ன வயசுல ஓர் அணையை..."

"தெரியும். உங்க வீட்டம்மா முந்தாநாள் போன் பண்ணி முக்கால் மணி நேரம் பேசினாங்க. முழங்கால் வரைக்கும் பரவாயில்ல, அதுக்கு மேல அவசரப்படுத்தாதீங்கன்னாங்க. முகத்துல தண்ணி தெளிச்சா மூச்சு திணறுவாருன்னாங்க. கூட வந்தவங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு மூணு தடவை சொன்னாங்க."

முதலை அவர் பக்கம் திரும்பினார். "அவளுக்கு எப்பத்திலேர்ந்து தெரியுமாம்?"

"கல்யாணமான மொத வாரமே தெரியுமாம். தலைக்குக் குளிக்கும்போது ஒரு கையால கதவைப் பிடிச்சுக்குவீங்களாமே."

அவர் நாணல் பக்கம் நடந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் நடந்ததில் வீரம் ஒன்றும் இல்லை. முழங்காலில் பத்து நிமிஷம் நின்றார். தொடையில் கால் மணி நேரம். இடுப்புக்கு வந்தபோது விசில் அம்மாளின் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் அந்த அம்மாளின் கடிகாரம் நின்றுபோனது. பிறகு, மல்லாந்து படுங்க, ஜாக்கெட் தூக்கிக்கும் என்றார் அவர். முதலை படுத்தார். தூக்கிக்கொண்டது. காதுக்குள் தண்ணீர் போய் உலகம் அமைதியாகியது. மேலே வானம் மட்டும் தெரிந்தது. இருபது வருஷமாகக் குழாய்க்கு வெளியிலிருந்து காதை வைத்துக் கேட்ட சத்தத்தை முதல் முறையாக உள்ளே இருந்து கேட்டார். அவர் சந்தோஷமாக இருந்தார்.

மத்தியானம் இரண்டு பேர் போகும் படகில், பின்னால் விசில் அம்மாள் துடுப்புப் போட, முன்னால் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலை ஏரி நடுவே வந்து சேர்ந்தார். நண்பர்கள் கைதட்டினார்கள். "பார்றா, நமக்காக அடக்கி வாசிக்கிறான்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே அவர் நாணலுக்குப் பின்னால் போய், கை நாலு, கால் நாலு என்று பத்தடி தூரம் நிஜமாகவே நீந்திவிட்டார். அதைப் பார்த்தது விசில் அம்மாளும் ஒரு கொக்கும்தான்.

ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பினார். மனைவி பையிலிருந்து ஈரத் துண்டுகளை எடுத்தார். இரண்டும் ஈரமாக இருந்தன. அதை ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கொடியில் போட்டார்.

"என்னை மன்னிச்சிடு," என்றார் முதலை.

"சாப்பிடுங்க மொதல்ல."

"இல்ல, நான் உன் பேரக் கெடுத்து வச்சிருக்கேன்."

"அதான் ரத்து பண்ணியாச்சே," என்றார் மனைவி. "காலையில மூணு அண்ணியும் போன் பண்ணினாங்க. புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. கண்ணாடிக்கடை அண்ணி ரொம்ப நேரம் பேசினாங்க. அந்தப் பாட்டை அவங்களாலயும் தாங்க முடியலையாம்."

மனைவியின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை முதலை கடைசியாகப் பார்த்தது கல்யாணத்தன்று. இனி இவள் பெயரை எதற்கும் இழுப்பதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார். மனசாரச் செய்த சத்தியம். மூன்று வாரம் நிலைத்தது.

நாலாவது வாரம் டிரைவிங் ஸ்கூல்காரர் மறுபடியும் ஏரி என்றார். முதலைக்குக் கால் தரையில் பாவவில்லை. பத்தடியை இருபதடியாக்கி, நண்பர்கள் கண்ணெதிரே நீந்திக் காட்டி, எட்டாம் வகுப்புப் பொய்யை நாற்பத்தெட்டாவது வயதுக்குள் உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் அவருக்குள் வளர்ந்திருந்தது. தன் கடைக்குப் பக்கத்து நீச்சல் குளத்தில் ஒரு வாரம் கழுத்தளவில் நின்றும் பார்த்திருந்தார். வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார்.

"வர்ற சனி, ஞாயிறு ஏரிக்குப் போறோம்."

"இந்தத் தடவை வேண்டாங்க," என்றார் மனைவி.

முதலை நின்றுவிட்டார். பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து அவர் கேட்டதில்லை.

"ஏன்?"

"வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆளுங்க வர்றாங்க. நீங்கதான் போன மாசம் சொல்லி வச்சீங்க. எனக்கு அந்த ரெண்டு நாளும் ஆபீஸ் இடம் மாறுது. நாப்பதாயிரம் கோப்பையும் எண்ணி ஏத்தி எண்ணி இறக்கணும். வீட்ல யாராவது இருந்தாகணும்."

நியாயம்தான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நியாயமாகவே இருந்தது.

"அவனுங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"எப்பவும் சொல்றதுதானே. வீட்ல விடலேன்னு சொல்லுங்க."

முதலைக்கு மெல்ல ஒன்று புலப்பட்டது. "அவன் நம்பமாட்டான். எழுத்துல வந்தாத்தான் செல்லும்னு நீயே எழுதிக் குடுத்திருக்கே. ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

மனைவி கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்த மாதிரிதான் இருந்தது. "முடிச்ச கோப்பைத் திறக்கிற வழக்கம் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதலை மொட்டை மாடிக்குப் போய், போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நடந்தார். பிறகு டிரைவிங் ஸ்கூல்காரரைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த நண்பரிடம் சொன்ன முதல் முழு உண்மையை, ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"நான் வரலடா. வீட்ல விடல."

டிரைவிங் ஸ்கூல்காரர் பேசினார். வண்டி ஓட்டப் பயப்படுகிறவர்களிடம் பேசுகிற இதமான குரலில் பேசினார்.

"தங்கச்சி கையெழுத்துல ஏதாவது இருக்காடா?"

"இல்ல. வாயால சொன்னா. சத்தியமா சொன்னா."

"அன்னிக்குப் படகுல ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சிருந்தே. துடுப்புப் போட்டது விசில் அம்மா. கணக்கு வாத்தியாரும் அந்த லிஸ்டை எண்ணிப் பார்த்துட்டான், பதினாலுல ஒம்பது தண்ணி சம்பந்தப்பட்டது. எங்களுக்கும் புத்தி இருக்குல்ல முதலை." அவர் குரல் இன்னும் இதமாகியது. "தண்ணின்னா பயம்னு நேராவே சொல்லிடேன்டா. அதுக்கு எதுக்கு அந்தப் பொண்ணு மேல பழி போடறே?"